சாப்பிடாவிட்டாலும் இன்சுலின் வேண்டும்

(திட்டக்குடியில் கூடிய ஆதரவாளர் கூட்டத்தில் நமது மருத்துவமனைச் சாப்ளின் ஐயா பேசியது. கேட்கத் தவறியவர்களுக்காகப் பேச்சு நடையிலேயே இங்கே தருகிறோம்.)



விருத்தாசலத்திலிருந்தும் பெண்ணாடத்திலிருந்தும் தொழுதூர்ப் பக்கத்திலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கிறீர்கள். உங்களில் சிலர் மாதந்தோறும் தவறாமல் காணிக்கை அனுப்புகிறவர்கள். வழக்கமாக இந்தக் கூட்டத்தில் எத்தனை பிரசவம், எத்தனை ஆபரேஷன் என்று கணக்கு வாசிப்போம். இந்த முறை எங்கள் டாக்டர் அம்மா என்னைக் கூப்பிட்டு, "ஐயா, கணக்கு பத்திரிகையில் வந்துவிடும். நீங்கள் வார்டில் பார்க்கிறதைப் பேசுங்கள்" என்றார்கள். அதனால் ஒரே ஒரு வியாதியைப் பற்றிப் பேசுகிறேன். சர்க்கரை வியாதிதான், ஆனால் உங்களுக்குத் தெரிந்த சர்க்கரை வியாதி அல்ல.

உங்களுக்குத் தெரிந்தது எனக்கும் தெரியும். இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் பாதிப் பேர் பையில் மாத்திரை இருக்கும். பின்னால் டீ போடுகிற தம்பியிடம் "எனக்குச் சர்க்கரை இல்லாமல்" என்று சொல்லிவிட்டுத்தான் சிலர் உள்ளே வந்தீர்கள். அது இரண்டாம் வகை. நாற்பது, ஐம்பது வயதில் வருவது. சரீரத்தில் இன்சுலின் சுரக்கும், ஆனால் போதாது, அல்லது சரியாக வேலை செய்யாது. உணவைக் குறைத்து, நடந்து, மாத்திரை போட்டுச் சமாளிக்கலாம். ஒரு நாள் மாத்திரை தப்பினால் உடனே பெரிய மோசம் ஒன்றும் வந்துவிடாது.

முதல் வகை வேறு. நம் வயிற்றுக்குப் பின்னால் கணையம் என்று ஓர் உறுப்பு இருக்கிறது. அதில் தீவு தீவாகச் சில செல்கள் உண்டு. 1869இல் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானிய மாணவர் அவற்றை நுண்ணோக்கியில் முதலில் கண்டு எழுதினார். இன்சுலினைச் செய்கிற செல்கள் அங்கேதான் இருக்கின்றன. கிருமியை எதிர்க்க வேண்டிய சரீரத்தின் காவற்படை, சில பிள்ளைகளில், சொந்த வீட்டுச் செல்களையே பகைவர் என்று எண்ணி அழித்துவிடுகிறது. அதன் பின் இன்சுலின் ஏறக்குறைய அறவே சுரக்காது. இது மிட்டாய் தின்றதால் வருவதில்லை. கர்ப்பகாலத்தில் தாய் எதையோ சாப்பிட்டதால் வருவதில்லை. யார் செய்த பாவம் என்று கேட்கிறவர்களும் நம் சபைகளிலே இருக்கிறார்கள். எவர் பாவமும் இல்லை.

இன்சுலின் இல்லாவிட்டால் இரத்தத்தில் சர்க்கரை வெள்ளமாக இருந்தும் செல்லுக்குள் போகாது. வெலிங்டன் ஏரி நிரம்பியிருந்தும் மதகு திறக்காவிட்டால் வயல் காய்கிறதல்லவா, அப்படி. சரீரம் பசியினாலே தன் கொழுப்பையே உருக்கத் தொடங்கும். அப்படி உருக்கும்போது கீட்டோன் என்கிற அமிலப் பொருட்கள் இரத்தத்தில் சேரும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு இறைப்பு, மயக்கம், பிறகு மரணம். சில நாட்களில் நடக்கும். ஏற்கெனவே ஊசி போட்டு வந்தவருக்கு அது நின்றுபோனால் ஒரே ராத்திரியில்கூட நிலைமை முற்றிவிடும்.

நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தப் பிள்ளைகள் எல்லோரும் செத்தார்கள். டாக்டர்கள் கையில் இருந்த ஒரே சிகிச்சை பட்டினி. பட்டினி போட்டு இன்னும் சில மாதம் உயிரை இழுத்துப் பிடிப்பார்கள். 1921இல் கனடா தேசத்து டொராண்டோ நகரில் பான்டிங் என்ற டாக்டரும் பெஸ்ட் என்ற மாணவரும், மக்லியாட் என்ற பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில், நாய்களின் கணையத்திலிருந்து ஒரு சாற்றைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரி 11ஆம் தேதி லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு அதைப் போட்டார்கள். அப்போது அவன் எடை முப்பது கிலோகூட இல்லை. முதல் ஊசி சரியாகப் பலிக்கவில்லை. மருந்து சுத்தமாக இல்லை. காலிப் என்பவர் இரவு பகலாக உழைத்து அதைச் சுத்திகரித்தார். அதே மாதம் 23ஆம் தேதி மறுபடி போட்டபோது சர்க்கரை இறங்கியது. அந்தப் பையன் மேலும் 13 ஆண்டுகள் உயிரோடிருந்தான். கண்டுபிடித்தவர்கள் உரிமைப் பட்டயத்தைப் பல்கலைக்கழகத்துக்குத் தலைக்கு ஒரு டாலர் விலைக்குக் கொடுத்துவிட்டார்கள். பான்டிங் பிறந்த நாளான நவம்பர் 14ஐத்தான் இன்று உலக நீரிழிவு தினமாக அனுசரிக்கிறார்கள். நமக்கு அது குழந்தைகள் தினமும் ஆயிற்றே.

மருந்து கண்டுபிடித்து நூறு ஆண்டு தாண்டிவிட்டது. அப்படியிருக்க, ஆஸ்பத்திரியில் படுத்த பிறகும் ஏன் இந்தப் பிள்ளைகள் அவதிப்படுகிறார்கள்? வீட்டில் நன்றாக இருந்தவர்கள் வார்டில் படுத்த பிறகு மோசமானார்கள் என்று நான் கேள்விப்படுவது ஏன்? இதைத்தான் நான் பேச வந்தேன். நான் டாக்டர் இல்லை. இறையியல் கல்லூரியில் எனக்கு எபிரெயமும் கிரேக்கமும் கற்றுக்கொடுத்தார்கள். இன்சுலினைக் கற்றுக்கொடுத்தவர்கள் நோயாளிகளும் அவர்களுடைய தாய்மாரும் எங்கள் சிஸ்டர்களும். நான் சொல்லப்போகிற மருத்துவ விஷயங்களை எங்கள் டாக்டர் அம்மா வாசித்துப் பார்த்துத் திருத்தியிருக்கிறார்கள்.

காரணத்தின் வேர் எண்ணிக்கையில் இருக்கிறது. இந்தியாவில் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் சொன்னது. முதல் வகையோ, 2022இல் வெளிவந்த ஓர் உலக மதிப்பீட்டின்படி, இந்தியாவில் சுமார் எட்டரை லட்சம் பேர். அதாவது நூறு சர்க்கரை நோயாளிகளில் ஒருவர்கூட வராது. வார்டில் வேலை செய்கிற நர்ஸம்மாவும் புதிதாகப் படித்து வந்த டாக்டர் தம்பியும் தினம் பார்ப்பது இரண்டாம் வகையை. கையும் மனதும் அதற்கே பழகிவிடுகிறது. கேஸ் ஷீட்டில் "சர்க்கரை" என்று ஒரே வார்த்தை எழுதியிருக்கும். எந்தச் சர்க்கரை என்று இருக்காது.

ஒரு வாலிபனைப் பற்றிச் சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம். நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்துவிட்டது. ஓர் ஊரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுநாள் காலை ஆபரேஷன். ராத்திரி முதல் சாப்பிடக் கூடாது. சாப்பாடு இல்லை என்பதால் ஊசியையும் நிறுத்திவிட்டார்கள். அவன் தாயார் ராத்திரி பத்து மணிக்கே போய், "இவனுக்கு ராத்திரி ஊசி போடணுமே அம்மா" என்று கேட்டிருக்கிறார். "சாப்பிடாத பிள்ளைக்கு ஊசி போட்டால் சர்க்கரை இறங்கிவிடும், உனக்கு என்ன தெரியும்" என்று பதில் வந்தது. காலையில் ஆபரேஷனும் தள்ளிப்போய்விட்டது. பத்து மணிக்கு வாந்தி. மத்தியானம் மூச்சு வாங்கத் தொடங்கியது. பழுத்துப் போன பழம்போல வாயில் ஒரு வாடை. அதற்குப் பிறகு அவனை வேறிடத்துக்குக் கொண்டுபோய் நான்கு நாள் தீவிர சிகிச்சை கொடுத்துத்தான் காப்பாற்றினார்கள். கால் முறிவுக்காகப் போனவன் கால் முறிவினால் சாகவிருக்கவில்லை, பாருங்கள்.

அந்த நர்ஸம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் சொன்னது இரண்டாம் வகைக்குப் பல சமயம் பொருந்துகிற பேச்சு. முதல் வகைக்கு அது உயிரைக் குடிக்கிற பேச்சு. நாம் சாப்பிடாமல் இருக்கும்போதும் நம் சரீரத்தில் ஈரல் சர்க்கரையை வெளிவிட்டுக்கொண்டேதான் இருக்கிறது. அதற்கு ஈடுகொடுக்க ஒவ்வொருவர் சரீரத்திலும் கொஞ்சம் இன்சுலின் ராப்பகலாகச் சொட்டிக்கொண்டிருக்கிறது. அந்த அடிப்படை இன்சுலினை முதல் வகை நோயாளிக்கு ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. அளவைக் குறைக்கலாம், ட்ரிப்பில் கொடுக்கலாம், கூடவே குளுக்கோஸும் ஏற்றலாம். நிறுத்த மட்டும் கூடாது. காய்ச்சல், வாந்தி வந்தால் சாப்பாடு இறங்காதே தவிர, இன்சுலின் தேவை பெரும்பாலும் கூடத்தான் செய்யும். இன்று நான் பேசியதில் ஒரே ஒரு வாக்கியம் மனதில் நிற்குமானால் அது இந்தப் பேச்சின் தலைப்பாக இருக்கட்டும்.

இன்னொரு பழக்கம். ஆறு மணிக்கொரு தரம் விரலைக் குத்திப் பார்ப்பது. இருநூறு இருந்தால் இத்தனை யூனிட், முன்னூறு இருந்தால் இத்தனை, நூற்றைம்பதுக்குக் கீழே என்றால் ஒன்றும் வேண்டாம் என்று ஒரு அட்டவணை. அமெரிக்காவில் ஜாஸ்லின் என்ற பெரிய டாக்டரின் காலத்தில், 1930களில், வழக்கத்துக்கு வந்த முறை இது. எழுத எளிது, படிக்க எளிது. ஆனால் இது தீ பிடித்த பிறகு தண்ணீர் தேடுகிற வேலை. சர்க்கரை சரியாக இருக்கிறது என்று அட்டவணை ஒரு வேளை ஊசியை விடச் சொல்லும்; அடுத்த வேளை அது நானூறில் நிற்கும். இந்த அட்டவணையை மட்டும் நம்பி வைத்தியம் செய்யாதிருங்கள் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. சுவரில் ஒட்டிய அட்டவணை மட்டும் இன்னும் பல இடங்களில் கிழியவில்லை.

இது ஏழை நாட்டுக் குறை என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளில் படுத்திருக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கு எப்படிக் கவனிப்பு நடக்கிறது என்று தேசிய அளவில் கணக்கெடுத்தார்கள். 2017ஆம் ஆண்டுக் கணக்கில், சர்க்கரை நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மருந்துச் சீட்டிலோ கொடுத்த மருந்திலோ ஏதாவது ஒரு தவறு நடந்திருந்தது. முதல் வகை நோயாளிகளில் சுமார் 25 பேரில் ஒருவருக்கு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கும்போதே, நான் சொன்ன அந்தக் கீட்டோன் அமில ஆபத்து வந்திருந்தது. வைத்தியம் பார்க்கிற இடத்திலேயே இன்சுலின் போதாமல் வந்த ஆபத்து! எவ்வளவு பெரிய பணக்கார நாடு! ஆனாலும் ஒன்றை மெச்ச வேண்டும். அவர்கள் எண்ணிப் பார்த்தார்கள். எண்ணியதை மறைக்காமல் அச்சிட்டார்கள்.

அதே நாட்டில் 2003 ஆகஸ்ட் முதல் 2009 ஆகஸ்ட் வரை இன்சுலின் அளவு தவறிய 3,881 சம்பவங்கள் நோயாளர் பாதுகாப்பு அமைப்புக்கு அறிவிக்கப்பட்டன. அதில் ஒரு மரணம் எதனால் தெரியுமா? "யூனிட்" என்ற வார்த்தையை முழுதாக எழுதாமல் ஆங்கிலத்தில் ஒற்றை எழுத்தாகச் சுருக்கியதால். அவசரக் கையெழுத்தில் அந்த எழுத்து பூஜ்யம்போல இருக்கும். நான்கு யூனிட் நாற்பதாகிவிடும். 2010இல் அவர்கள் எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் எச்சரிக்கை அனுப்பினார்கள்: யூனிட் என்பதை முழுதாக எழுதுங்கள், இன்சுலினை இன்சுலின் சிரிஞ்சில் மட்டும் எடுங்கள்.

நம் நாட்டில் இதற்கு மேலும் ஒரு கண்ணி இருக்கிறது. கடையில் வாங்குகிற இன்சுலின் பாட்டிலில் பெரும்பாலும் ஒரு மில்லியில் 40 யூனிட் இருக்கும். அதற்குச் சிவப்பு மூடிச் சிரிஞ்சு. பேனாவில் போடுகிற மருந்திலும் சில பாட்டில்களிலும் ஒரு மில்லியில் 100 யூனிட். அதற்குரிய சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. இரண்டும் பார்க்க அண்ணன் தம்பிபோல இருக்கும். இப்போது கவனமாய்க் கேளுங்கள். 20 யூனிட் போட வேண்டும். நாற்பது பாட்டிலிலிருந்து ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். மறுபடி, நூறு பாட்டிலிலிருந்து சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் போவது 50 யூனிட். முதலாவதில் சர்க்கரை ஏறிக்கொண்டே போகும், ஏன் என்று யாருக்கும் புரியாது. இரண்டாவதில் பிள்ளை தூக்கத்திலேயே எழுந்திராமல் போகலாம். ராத்திரி இரண்டு மணிக்கு, மங்கலான விளக்கில், ஐம்பது நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்று இருக்கிற வார்டில், மூடியின் நிறத்தைப் பார்க்கச் சொல்வது எளிது. பார்ப்பது எளிதல்ல.

சரி, தொடக்கத்திலேயே வியாதியைக் கண்டுபிடிக்காமல் விடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் பிள்ளை சோர்ந்துபோனால் முதலில் கேட்பது, "ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏத்துங்க சார்." ஏற்றாவிட்டால் அவர் நல்ல டாக்டர் இல்லை! ஏழு வயதுப் பையன் ஒருவன். பதினைந்து நாளாக ஓயாமல் தண்ணீர் குடிக்கிறான், ராத்திரியில் பாயை நனைக்கிறான், கன்னம் ஒட்டிப்போயிற்று. மக்காச்சோள அறுப்பு நேரம். பெற்றோர் காலையில் போனால் பொழுது சாயத்தான் வருவார்கள். வெயிலினால் என்று நினைத்தார்கள். வாந்தி எடுத்ததும் பக்கத்தில் காட்டினார்கள். இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏறியது. ஏற்கெனவே சர்க்கரை வெள்ளத்தில் மூழ்குகிற பிள்ளைக்கு மேலும் சர்க்கரை. மூச்சு வாங்குகிறதென்று அடுத்த இடத்தில் நெஞ்சுச் சளி என்றார்கள். மூன்றாவது இடத்தில் ஒரு லேப் டெக்னீஷியன் பெண்தான், "ஒரு சொட்டு ரத்தம் மீட்டரில் வைத்துப் பார்க்கட்டுமா சார்" என்று கேட்டது. மீட்டர் எண்ணைக் காட்டவில்லை; அளவுக்கு மேல் என்று காட்டியது. பிள்ளை பிழைத்தான். அந்த ஒரு சொட்டுக்கு ஆகிற செலவு ஒரு சாப்பாட்டு விலைகூட இல்லை. ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், பாயில் நனைப்பது, இளைப்பு. இந்த நான்கும் சேர்ந்து ஒரு பிள்ளையிடம் தெரிந்தால் அன்றைக்கே சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். நாளைக்கு என்று வேண்டாம்.

தீவிர சிகிச்சையிலிருந்து வெளியே வருகிற நேரமும் ஒரு வழுக்குப் படி. இரத்தக் குழாய் வழியாகச் சொட்டுகிற இன்சுலின், ட்ரிப்பை நிறுத்தின சில நிமிஷங்களில் தீர்ந்துபோகும். ஆகவே நிறுத்துவதற்கு ஒன்று இரண்டு மணி நேரம் முன்பே தோலுக்கடியில் ஊசி போட்டிருக்க வேண்டும். "நம்பர் சரியாகிவிட்டது, ட்ரிப்பை எடு, வார்டுக்கு அனுப்பு" என்று அனுப்பிவிட்டால் ராத்திரிக்குள் பிள்ளை திரும்பி வருவான். பொட்டாசியம் பார்ப்பது, பிள்ளைகளுக்குத் திரவத்தை மெதுவாக ஏற்றுவது என்று இன்னும் பல இருக்கிறது. அது டாக்டர்கள் காரியம், நான் நுழையவில்லை.

எனக்கு நன்றாகத் தெரிந்தது சாப்பாட்டு நேரம். நான் காலையில் ஆறு மணிக்கு வார்டுக்குள் போகிறவன். சாதாரண இன்சுலின் போட்டால் அரை மணி நேரத்தில் சாப்பிட வேண்டும். பல ஆஸ்பத்திரிகளில் ராத்திரி டியூட்டி நர்ஸ் தன் வேலையை முடித்துப் போவதற்காக ஆறு மணிக்கே எல்லோருக்கும் ஊசி போட்டுவிடுவார். இட்லி வண்டி எட்டரைக்கு வரும். நடுவில் டாக்டர் ரவுண்டு, அதற்கும் நடுவில் எக்ஸ்ரேக்குக் கொண்டுபோவது. ஏழரை மணிக்கு ஒரு பெண்பிள்ளை வேர்த்து விறுவிறுத்து, கை நடுங்கி, கண் செருகி உட்கார்ந்திருப்பாள். பார்க்கிறவர்கள் பயந்த சுபாவம் என்பார்கள். சர்க்கரை 70க்குக் கீழே போய்விட்டது, அவ்வளவுதான். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஆனால் சமையலறை பூட்டியிருக்கும். சாவி ஸ்டோர் கீப்பரிடம் இருக்கும். அவர் ஒன்பது மணிக்குத்தான் வருவார். ஒரு பிடிச் சர்க்கரைக்காக ஓர் ஆஸ்பத்திரியே ஓடுவதை நான் கண்டிருக்கிறேன். யவீருவின் மகளை எழுப்பின கையோடு, அவளுக்கு ஆகாரம் கொடுக்கும்படி ஆண்டவர் சொன்னார் என்று சுவிசேஷத்தில் வாசிக்கிறோம். சுகமாக்குதலில் சாப்பாட்டுக்கு உள்ள இடத்தை நம் ஆஸ்பத்திரிகள் அவ்வளவாக மதிப்பதில்லை.

இன்னொன்றும் மனதை வருத்துகிறது. இந்த நோயாளிகள் பத்து வருஷம், இருபது வருஷம் தங்கள் சரீரத்தைத் தாங்களே அளந்து பழகியவர்கள். எத்தனை இட்லிக்கு எத்தனை யூனிட் என்று ஒரு பதினைந்து வயதுப் பெண் மனக்கணக்காகச் சொல்லுவாள். அட்மிஷன் போட்டதும் அவள் பேனாவையும் மீட்டரையும் வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். "இங்கே எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம்." தலையணை உறைக்குள் பேனாவை ஒளித்து வைத்திருந்த ஒரு சகோதரியை எனக்குத் தெரியும். ஆசிரியை, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். "ஐயா, திருட்டுத்தனமாக என் மருந்தை நானே போட்டுக்கொண்டேன், இல்லாவிட்டால் உயிரோடு திரும்பியிருக்க மாட்டேன்" என்றார். இங்கிலாந்தில் ராபர்ட் லாரன்ஸ் என்று ஒரு டாக்டர் இருந்தார். அவருக்கே இந்த வியாதி. சாவுக்குக் காத்திருந்தவரை 1923இல் இன்சுலின் வந்து காப்பாற்றியது. அவர் எச். ஜி. வெல்ஸ் என்ற எழுத்தாளருடன் சேர்ந்து 1934இல் நீரிழிவாளர் சங்கத்தைத் தொடங்கினார். நோயாளியும் வைத்தியரும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும் என்பது அங்கே தொடக்கத்திலிருந்தே வழக்கம். நம் வார்டுகளில் நோயாளிக்கு ஸ்டூல்கூட இல்லை.

திட்டுவதைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. "எதைத் தின்னே? ஒழுங்கா இருந்தா இப்படி ஆகுமா?" பெண்பிள்ளைகளானால் கூடவே, "இதை யார் கட்டிப்பா?" வார்டில் பத்துப் பேர் காதுபட. அப்படித் திட்டு வாங்கின பிள்ளை அடுத்த முறை உடம்பு சரியில்லாதபோது ஆஸ்பத்திரிக்கு வராது. வந்தாலும் உண்மையைச் சொல்லாது. கல்யாணம் பேசும்போது மறைக்கிறார்கள். மறைத்ததால் புகுந்த வீட்டில் ஊசியை ஒளித்துப் போடுகிறார்கள். ஒரு நாள் போட முடியாமல் போகிறது. ஒழுங்காக இன்சுலின் போட்டு, டாக்டர் கவனிப்பில் இருந்தால், இந்தப் பெண்கள் கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, வளர்க்கலாம், வளர்த்துக்கொண்டும் இருக்கிறார்கள்.

இனி என் சொந்தத் துறைக்கு வருகிறேன். ஜெபித்து முடித்ததும் சிலர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, ஜெபம் பண்ணிவிட்டீர்கள், இனி ஊசியை நிறுத்தலாமா? விசுவாசக் குறைவு ஆகிவிடாதா?" என்று கேட்கிறார்கள். கன்வென்ஷனுக்குப் போய்வந்த வாரத்தில் இந்தக் கேள்வி கூடுதலாக வரும். நான் பட்டென்று சொல்லுவேன்: நிறுத்தக் கூடாது. ஆஸ்திரேலியாவில் டூவூம்பா என்ற நகரில் 8 வயதுச் சிறுமி ஒருத்தி 2022 ஜனவரியில் இறந்தாள். அவளுக்கு முதல் வகை நீரிழிவு. கடவுள் சுகமாக்குவார் என்று இன்சுலினை நிறுத்திவிட்டு, ஒரு சிறு ஜெபக் கூட்டத்தார் அவளைச் சுற்றி நின்று பாடி ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். டாக்டரை அழைக்கவில்லை. தாயும் தகப்பனும் உட்பட 14 பேரைக் குற்றவாளிகள் என்று 2025 ஜனவரியில் நீதிமன்றம் தீர்த்தது. அவர்கள் அந்தப் பிள்ளையை வெறுத்தவர்கள் அல்லவே. அதுதான் எனக்குப் பயமாயிருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு வேதம் வாசிக்கிறோம். கண்ணாடி போட்டதால் விசுவாசம் குறைந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. போதகர்மார் இங்கே மூன்று பேர் இருக்கிறீர்கள். மேடையில் இருந்து இதைச் சொல்லுங்கள் என்று தயவாய்க் கேட்கிறேன். டாக்டர் சொன்னால் கேட்காதவர்கள் நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

நம் மாநிலத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்று எண்ணிப் போய்விடாதீர்கள். சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் 1948லேயே நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு தொடங்கியவர் டாக்டர் எம். விஸ்வநாதன், இராயபுரத்தில் அதற்கென்றே ஆஸ்பத்திரியும் கட்டினார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் முதல் வகைக்கென்று தனி வழிகாட்டி நூலை 2022 ஜூன் மாதம் வெளியிட்டது. கோயம்புத்தூரில் டாக்டர் கிருஷ்ணன் சுவாமிநாதன் முன்னின்று நடத்தும் 'இதயங்கள்' அறக்கட்டளை ஏழைப் பிள்ளைகளுக்கு இன்சுலினும் மீட்டரும் இலவசமாகக் கொடுத்து வருகிறது. நல்ல வேலை. ஆனால் வழிகாட்டி நூல் டெல்லியில் அச்சாவதற்கும், வெள்ளாற்றங்கரையில் ஓர் ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி பார்க்கிற பெண்ணின் கைக்கு அது வருவதற்கும் இடையே நெடுந்தூரம் இருக்கிறது.

அந்தத் தூரத்தில்தான் உங்கள் காணிக்கைக்கு வேலை இருக்கிறது. பெரிய மிஷின் எதையும் கேட்கவில்லை. கல்வெட்டில் பேர் போடும்படியான காரியம் ஒன்றுமே இதில் இல்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மீட்டரில் வைக்கிற ஸ்ட்ரிப் வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கும் பார்க்க வேண்டுமானால் அது தீர்ந்துபோகாமல் இருக்க வேண்டும். கீட்டோன் பார்க்கிற ஸ்ட்ரிப் வேண்டும். ஒவ்வொரு வார்டிலும் பூட்டாத ஓர் அலமாரியில் சர்க்கரை, பிஸ்கட், குளுக்கோஸ் பொடி. கரண்டு போனாலும் ஓடுகிற ஒரு சிறு ஃபிரிட்ஜ். எங்கள் சிஸ்டர் ஒருவரை இதற்கென்றே பயிற்சிக்கு அனுப்ப வேண்டும். அவர் இல்லாத நாட்களில் அவர் இடத்தை நிரப்பச் சம்பளம் வேண்டும்.

வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லாதவர்கள் மருந்தை எங்கே வைப்பது என்று போன கூட்டத்தில் ஓர் அம்மா கேட்டார்கள். அதற்குப் பதில் நம் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறது. விருத்தாசலத்துப் பீங்கான் அல்ல, அது மெருகு போட்டது, உதவாது. மெருகில்லாத சாதாரண மண்பானை. பெரிய பானையில் ஈர மணலோ தண்ணீரோ வைத்து, அதற்குள் சிறு பானை. சிறு பானைக்குள் நனையாமல் பிளாஸ்டிக் டப்பாவில் மருந்து. நிழலில், காற்றோட்டமாக. பானை கசிந்து காய்கிறபோது உள்ளே குளிரும். வெப்ப தேசங்களில் சோதித்துப் பார்த்து இது பலன் தருகிறது என்று எழுதியிருக்கிறார்கள். உறையும் பெட்டியில் மட்டும் வைத்துவிடாதீர்கள். உறைந்த இன்சுலின் வீண். ஜன்னலோரம், டி.வி. மேல், மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வைப்பதும் அப்படியே.

வாசல் மேஜையில் ஒரு சீட்டு அச்சடித்து வைத்திருக்கிறோம். முதல் வகை நோயாளி எவரேனும் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால் ஒன்று எடுத்துச் செல்லுங்கள். அவர் எந்த ஆஸ்பத்திரியில் படுத்தாலும் கேஸ் ஷீட்டோடு சேர்த்துக் குத்தும்படி கேளுங்கள். அதில் நான்கு வரிதான்: எனக்கு முதல் வகை, சாப்பிடாவிட்டாலும் என் அடிப்படை இன்சுலினை நிறுத்தாதீர்கள், என் மருந்து நாற்பதா நூறா என்று இங்கே குறித்திருக்கிறேன், வாந்தி வந்தால் கீட்டோன் பாருங்கள். கீழே டாக்டர் கையெழுத்துப் போட இடம் விட்டிருக்கிறது. நம்மிடம் வந்தால் போட்டுக் கொடுப்போம், காசு இல்லை.

டீ வந்துவிட்டது என்று நினைக்கிறேன். குடித்த பிறகு எங்கள் சிஸ்டர் இரண்டு சிரிஞ்சையும் இங்கே மேஜைமேல் வைத்துக் காட்டுவார்கள். தாய்மார்கள் முன்னால் வாருங்கள். கையில் எடுத்துப் பாருங்கள், ஊசி இல்லை.